பன்னிரண்டு சவுக்குக் கட்டைகள்

திருவண்ணாமலை
14.7.1996

என் ஒரே எதிரியான எழிலரசிக்கு,

மலையடிவாரத்திலிருந்து கிளம்பிக் கடலில் போய் விழுந்த முதல் ஆறு நீதான். போய் ஒரு மாதம் ஆகிறது. கடலூரில் கடல் இருக்கிறது, ஊர் இருக்கிறதா இல்லையா என்றாவது ஒரு வரி எழுதக் கூடாதா? உன் அப்பாவுக்குத்தானே டிரான்ஸ்பர், உனக்குமா?

ரிசல்ட் பேப்பர் விஷயத்தை நீ இன்னும் மனதில் வைத்திருக்கவில்லைதானே? உன் நம்பர் மேல் வேறு நம்பரை ஒட்டியவளும் நான்தான், வந்து உரித்துக் காட்டியவளும் நான்தான். உன் அப்பாவே சிரித்தார். அதனால் அந்தக் கேஸ் தள்ளுபடி.

இத்துடன் 'சவுக்குக் கட்டை' ஆட்டப் பலகையின் கார்பன் காப்பியை வைத்திருக்கிறேன். அசல் என்னிடம். இனி தபாலில் ஆடுவோம். கடல் காற்றில் ரூல்ஸ் பறந்து போயிருந்தால், மறுபடி சொல்கிறேன். ஆட்டத்தில் அன்று கார்த்திகை தீபம். நீ ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, பெரியவள், சின்னவன், தாத்தா. பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கோயிலுக்குள் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் எட்டுக் கட்டம். ஒரு கடிதத்துக்கு உனக்கு ஐந்து அடி, யாருக்கு எத்தனை என்று நீயே பிரித்துக்கொள். நான் போலீஸ். என்னிடம் பன்னிரண்டு சவுக்குக் கட்டை, கடிதத்துக்கு இரண்டு. எந்தத் தெருவை வேண்டுமானாலும் மறிப்பேன், ஆனால் வைத்த கட்டையை எடுக்க முடியாது. மூன்று பேர் உள்ளே போய்விட்டால் நீ ஜெயித்தாய்.

என் முதல் இரண்டு கட்டையையும் தேரடித் தெருவில் வைக்கிறேன். நீ முதலில் பெரியவளைத்தான் ஓட விடுவாய் என்று எனக்குத் தெரியாதா?

உறை கனமாக இருப்பதைப் பார்த்து என் அப்பா, "கடலூருக்கு லெட்டர் போடறியா, லோடு ஏத்தறியா?" என்று கேட்டார். வாடகை சைக்கிள் கடைக்காரருக்கு எதைப் பார்த்தாலும் பாரம்தான்.

இப்படிக்கு,
போலீஸ் சூப்பிரண்டு சினேகா


கடலூர்
25.7.1996

அன்புள்ள சினேகாவுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வீடு மாற்றிய அலைச்சலில் உடனே எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. பேப்பர் விஷயத்தைப் பற்றி இனிமேல் பேச வேண்டாம்.

ஆட்டப் பலகை கிடைத்தது. சின்னவன் இரண்டு, அம்மா இரண்டு, தாத்தா ஒன்று. எல்லோரும் திருவூடல் தெரு வழியாக. பெரியவள் அப்பாவோடு பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும்.

மழைக் காலம் வருகிறது, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. வெறும் வயிற்றில் காபி குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடாதே.

அன்புடன்,
எழிலரசி


திருவண்ணாமலை
10.8.1996

எழில்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை சந்தோஷமாக. இரண்டாவது முறை மூக்கைச் சொறிந்துகொண்டு. மூன்றாவது முறை சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து.

சந்தேகம் ஒன்று. உன் கையெழுத்து எப்போது இவ்வளவு திருந்தியது? எழுத்து உன்னுடையதுதான், ஆனால் தலை வாரிப் பூ வைத்த மாதிரி இருக்கிறது. சந்தேகம் இரண்டு. 'தண்ணீரைக் காய்ச்சிக் குடி'யா? மாட்டுத் தொட்டியில் தண்ணீர் குடித்துக் காட்டிப் பந்தயம் ஜெயித்தவள் நீ. சந்தேகம் மூன்று, பெரிய சந்தேகம். இருபது முறை நீ இந்த ஆட்டத்தை ஆடியிருப்பாய். இருபது முறையும் தாத்தாவைப் பஸ் ஸ்டாண்டில் உட்கார வைத்துவிட்டுப் பெரியவளை ஓட விட்டாய். நான் மறித்ததும், போங்காட்டம் என்று பலகையைக் கவிழ்த்தாய். அதை நம்பித்தான் தேரடித் தெருவில் இரண்டு கட்டையை நட்டேன். இப்போது ஆள் இல்லாத தெருவுக்குக் காவல் நிற்கிறேன்.

உன் பக்கத்தில் யாரோ உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள். யாரடி அவள்? புதுப் பள்ளிக்கூடத்தில் பிடித்த சினேகிதியா? ரெட்டைச் சடையா, ஒற்றைச் சடையா? நான் கண்டுபிடித்த ஆட்டத்தை என்னைக் கேட்காமல் அவளுக்குக் காட்டினாயா? எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. சும்மா கேட்கிறேன். அவள் பெயரை மட்டும் சொல்.

ஒரு சோதனை வைக்கிறேன். யோசித்து ஆடுகிற ஆட்டங்களில் உனக்குப் பிடித்தவற்றை வரிசையாக எழுது. ஏன் என்றும் எழுது. நான் இன்னும் ஐந்து ஆட்டம் செய்யப் போகிறேன், அதற்கு உதவும்.

என் கட்டைகள்: ஒன்று திருவூடல் தெரு முனையில். இன்னொன்று பெரியவளுக்கு முன்னால். இது ஏமாற்று வேலைதான், எந்த நிமிஷமும் அவள் ஓடுவாள் என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
சந்தேகச் சப்-இன்ஸ்பெக்டர் சினேகா
(பதவி இறக்கம் உன்னால்தான்)


கடலூர்
22.8.1996

அன்புள்ள சினேகாவுக்கு,

எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை. இந்த வீட்டில் பகலில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

நீ கேட்ட பட்டியல். முதலில் பல்லாங்குழி. கையில் அள்ளுவதற்கு முன்பே கடைசிப் புளியங்கொட்டை எந்தக் குழியில் விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். எண்ணிக்கொண்டிருப்பது எதிராளிக்குத் தெரியவும் கூடாது. அடுத்தது தாயம். அது அதிர்ஷ்டம்தானே என்பாய். விழுவது அதிர்ஷ்டம், விழுந்ததை எந்தக் காய்க்குக் கொடுப்பது என்பது அதிர்ஷ்டம் இல்லை. மூன்றாவது ஆடு புலி ஆட்டம், அதில் ஆடு பக்கம் மட்டும். புலியாக ஆடுவது எனக்குப் பிடிக்காது. ஒன்று போனாலும் போகட்டும் என்று ஆட்டை விட்டுக்கொடுத்து ஆடுவார்கள் சிலர். ஒன்றுகூடப் போகாமல் ஆட முடியுமா என்று பார்ப்பேன்.

உன் சவுக்குக் கட்டை ஆட்டத்தை எந்த இடத்தில் வைப்பது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. முடியட்டும்.

முனையை நீ மறித்ததால் பே கோபுரத் தெருவுக்குத் திரும்புகிறோம். சின்னவன் இரண்டு, அம்மா இரண்டு, தாத்தா ஒன்று.

அன்புடன்,
எழிலரசி


திருவண்ணாமலை
5.9.1996

எழில் என்று கையெழுத்துப் போடுகிறவளுக்கு,

உன் பட்டியலை எங்கள் கடைப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறேன். நல்ல பட்டியல். தாயம் பற்றி நீ சொன்னதை நான் யோசித்ததே இல்லை. என் பட்டியலையும் கேள்.

எனக்கும் ஆடு புலிதான் முதல். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லாத ஆட்டம் அது. புலிக்குப் பலம், ஆட்டுக்குக் கூட்டம். ஆனால் எனக்குப் புலி வேண்டும். இரண்டாவது, ஆசிரமத்துக்கு வந்த ஹாலந்துக்காரர் ஒருவர் எங்கள் எதிர் அறையில் ஆறு மாதம் இருந்தாரே, அவர் சொல்லிக் கொடுத்த கறுப்பு வெள்ளைக் கல் ஆட்டம். வைத்த கல் நகராது. அவர் அதை மௌனமாகத்தான் ஆடுவார். நான் ஜெயித்தால் மட்டும் மௌனம் கலையும். கட்டையை எடுக்கக் கூடாது என்ற ரூலை அதிலிருந்துதான் சுட்டேன். மூன்றாவது செஸ். ராஜாவை வெட்டாமலே சாகடிக்கிற நாகரிகம் பிடிக்கும். கடைசியில் பிசினஸ். ஊரையெல்லாம் வாங்கினாலும் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

சரி, விசாரணைக்கு வருவோம். பல்லாங்குழியா? எழிலுக்கா? கொட்டையை எண்ணச் சொன்னால் முறத்தோடு வீசுகிறவள், கொட்டை எங்கே விழும் என்று கணக்கு வைத்திருக்கிறாளா? அம்மாவையும் சின்னவனையும் அடுத்தடுத்த கட்டத்திலேயே வைத்திருக்கிறாய். ஒரு முறைகூடப் பிரிக்கவில்லை. அது எத்தனை அடி வீண் என்று தெரியுமா? ஆனாலும் நான்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அதெல்லாம் போகட்டும். நேற்று கஸ்தூரி டீச்சரைப் பார்த்தேன். ஒன்பதாவதில் அவர் கைப்பைக்குள் நாம் இரண்டு பேரும் ஓணான் விட்டோமே, அதை இன்னும் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார். அந்த நாளை நினைத்தால் உனக்குச் சிரிப்பு வரவில்லையா? எழுது.

கட்டைகள்: இரண்டும் பே கோபுரத் தெருவில், அம்மாவுக்கு நேர் எதிரில்.

இப்படிக்கு,
துப்பறியும் சினேகா


கடலூர்
16.9.1996

அன்புள்ள சினேகாவுக்கு,

ஓணான் விஷயத்தை இப்போது ஏன் கிளறுகிறாய்? சிரிப்பு வரத்தான் செய்தது. ஆனாலும் டீச்சரின் கைப்பையில் கை வைத்தது தப்பு. அம்மாவுக்குத் தெரிந்தால் என்னைத்தானே திட்டுவார்கள். பாவம், வாயில்லா ஜீவனையும் துன்புறுத்தியிருக்கிறோம்.

நீ இரண்டு கட்டையையும் நேர் எதிரில் வைத்துவிட்டாய். பக்கச் சந்து திறந்திருக்கிறது. சின்னவன் இரண்டு, அம்மா இரண்டு, தாத்தா ஒன்று. எங்கள் இருவருக்கும் இன்னும் இரண்டே கட்டம். தாத்தாவுக்கு ஐந்து. அவர் வரட்டும், காத்திருக்கிறோம்.

உன் பட்டியலில் அந்தக் கறுப்பு வெள்ளைக் கல் ஆட்டம் எப்படி என்று விவரமாக எழுதுவாயா?

அன்புடன்,
எழிலரசி


திருவண்ணாமலை
24.9.1996

யாரோ ஒருவருக்கு,

ஓணான் விடவே இல்லை. கஸ்தூரி டீச்சரிடம் கைப்பையே கிடையாது, மஞ்சள் பைதான். அது நான் வைத்த பொறி.

எழில் இந்தக் கடிதங்களை எழுதவில்லை. முதலில் உதவிக்கு ஆள் என்று நினைத்தேன். இல்லை. மொத்தமும் வேறு ஆள். நீங்கள் யார்? எழிலின் எழுத்து உங்கள் கைக்கு எப்படி வந்தது? அவளுக்கு உடம்பு சரியில்லையா? நேற்றிலிருந்து என்னென்னவோ தோன்றுகிறது. அவள் எங்கே என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரை நான் கட்டை வைக்கப் போவதில்லை.

சினேகா, த/பெ வேடியப்பன்
சைக்கிள் கடை, செங்கம் ரோடு


கடலூர்
3.10.1996

அன்புள்ள சினேகாவுக்கு,

எழிலின் அம்மா சந்திரம்மாள் எழுதுகிறேன். இதுவரை வந்த மூன்று கடிதங்களையும் எழுதியவள் நான்தான். எழில் நன்றாக இருக்கிறாள். பயப்படாதே. ஜூன் மாதமே அவளை நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்த்துவிட்டோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்போம். அவளுக்கு எழுதப் பழக்கியவள் நான், அதனால் எழுத்து ஒன்றுபோல இருக்கும்.

உன்னிடம் மறைத்தது தப்பு. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உனக்கு அது தெரியாது என்று உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே புரிந்தது.

ரிசல்ட் அன்று காலையில் பேப்பரை அங்கே எங்கள் பழைய வேங்கிக்கால் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாய். நீ திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் அப்பா நம்பரைத் தேடினார், கிடைக்கவில்லை. "படிச்சது போதும், வீட்லயே கெட" என்றார். அவள், இல்லப்பா, நல்லாத்தான் எழுதினேன் என்றாள். பொய் வேறு சொல்கிறாயா என்று வாசலில் வைத்து அடித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வந்துதான் பிடித்தார்கள். நீ வந்து ஒட்டியிருந்ததை உரித்துக் காட்டியதும் அவர் சிரித்தார். அடித்த கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சிரித்தார். நானும் சிரித்தேன். அவளும் சிரித்ததாக நீ நினைத்திருப்பாய்.

உன் முதல் கடிதம் வந்த வாரம் அவள் வீட்டுக்கு வந்திருந்தாள். உறையில் உன் எழுத்தைப் பார்த்துவிட்டு, "குப்பையில போடும்மா" என்றாள். நான் போடவில்லை. ஒரு பெண் பதிலுக்குக் காத்திருப்பாளே என்றுதான் பிரித்தேன். உள்ளே பலகை இருந்தது. இரண்டு நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு தாத்தாவை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரு பதிலோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. இதற்கு மேல் சமாதானம் சொல்லத் தெரியவில்லை.

அவள் ஹாஸ்டல் முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீயே அவளுக்கு எழுது. நான் பொய்யாக எழுதியதால் உங்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் மோசமாகிவிட்டதோ என்று எனக்குத் தூக்கம் இல்லை. அவள் என்ன பதில் எழுதினாலும் எனக்கு மறைக்காமல் சொல்.

அன்புடன்,
சந்திரம்மாள்


திருவண்ணாமலை
12.10.1996

எழில்,

இதில் கிண்டல் எதுவும் இருக்காது.

உன் அம்மா எல்லாவற்றையும் எழுதினார்கள். உன் அப்பா உன்னை வாசலில் வைத்து அடித்தது எனக்குத் தெரியாது. பேப்பரைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து உரித்துவிடுவதாகத்தான் இருந்தேன். நடுவில் நான் பாஸானதைச் சொல்லக் கஸ்தூரி டீச்சர் வீட்டுக்குள் நுழைந்தேன். உட்கார வைத்து லட்டு கொடுத்தார்கள். இரண்டு சாப்பிட்டேன். நீ அடி வாங்கிக்கொண்டிருந்தபோது நான் லட்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இதை எழுதாமல் மன்னிப்புக் கேட்டால் அது பாதி மன்னிப்பு.

அன்று நீ அழுததற்குக் காரணம் பயம் என்று நினைத்தேன். உன் கன்னத்தைப் பார்த்தேன், சிவந்திருந்தது. அழுதால் சிவக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். உன் அம்மாவின் மூன்று கடிதத்தைச் சல்லடையாகச் சலித்தவளுக்கு அந்த ஒரு முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

எனக்கு உன்னைவிட்டால் சினேகிதி யாரும் இல்லை. இது உன்னைக் கட்டாயப்படுத்த இல்லை. வேண்டாம் என்றால் அதை நீயே எழுது.

சினேகா


நாமக்கல்
28.10.1996

சினேகா,

உன் கடிதம் வந்தது. இங்கே வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். படித்தவர் மற்ற டீச்சர்களிடம் சொல்லியிருக்கிறார். அப்பா என்னை வாசலில் வைத்து அடித்தது இப்போது ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். சாப்பாட்டு வரிசையில் பெண்கள் லட்டு லட்டு என்கிறார்கள்.

நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். எப்போதுமே நீ வேண்டுமென்று செய்வதில்லை.

இனிமேல் எனக்கு எழுதாதே. கோபத்தில் சொல்லவில்லை. நீ எழுதினால் அடுத்து என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே இருக்க என்னால் முடியாது.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே. போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது உன் பலகையை மடித்துக் கைப்பையில் கொண்டு வந்திருந்தார்கள். சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கும் முன்பே அதை விரித்துவிட்டார்கள். தாத்தாவை எந்தச் சந்தில் திருப்புவது என்று என்னைக் கேட்டார்கள். அம்மா எதைப் பற்றியும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அதை நிறுத்திவிடாதே.

எழிலரசி


திருவண்ணாமலை
7.11.1996

அன்புள்ள எழில் அம்மாவுக்கு,

வணக்கம். எழில் பதில் போட்டாள். இரண்டு பக்கம், நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள். முதலில் கொஞ்சம் திட்டினாள், பிறகு சரியாகிவிட்டாள். உங்கள் மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஹாஸ்டலில் படிப்பு ஜாஸ்தி, அடிக்கடி கடிதம் எழுத முடியாதாம். முழுப் பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். அதனால் நானும் அவளைத் தொந்தரவு செய்யப் போவதில்லை. அந்தக் கடிதத்தை உங்களுக்குக் காட்டலாம் என்றால், அப்பா அதன் மேல் செயின் எண்ணெய்க் கேனை வைத்துவிட்டார். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.

கறுப்பு வெள்ளைக் கல் ஆட்டத்தைக் கேட்டிருந்தீர்கள். தனித் தாளில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். கல்லுக்குப் புளியங்கொட்டையும் வெள்ளைச் சோழியும் போதும். இதை முடித்துவிட்டு அதை ஆடலாம்.

இப்போது நம் ஆட்டம். அம்மாவுக்கும் சின்னவனுக்கும் இரண்டே கட்டம். நீங்கள் நினைத்தால் இருவரும் அடுத்த கடிதத்திலேயே உள்ளே போய்விடலாம். ஆனால் தாத்தா ஐந்து கட்டம் பின்னால் இருக்கிறார், அவர் வரும்வரை நீங்கள் நகர மாட்டீர்கள். அதனால் வாசலை விட்டுவிட்டு இரண்டு கட்டையையும் தாத்தாவுக்கு முன்னால் வைக்கிறேன். இப்படி மறிப்பது அநியாயம்தான். உங்களை வேறு எப்படி மறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

என்னிடம் மீதி நான்கு கட்டை. அவசரம் இல்லை, நிதானமாக யோசித்து எழுதுங்கள்.

இந்தக் கடிதத்தில் உங்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால், கட்டைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

உங்கள்,
சினேகா